ஏழாவது மாடியில் சொன்ன கதை

அந்தக் கதையை நான் ஆறு வருடம் சொன்னேன். சாதாரண நாளில் மூன்று நான்கு தடவை, விடுமுறைக் காலத்தில் ஏழெட்டுத் தடவை. பெரிய கோபுரத்தின் ஏழாவது மாடியில், மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் தொடங்குவேன். சத்தம் குறைந்தால்தான் ஆட்கள் நெருங்கி வந்து கேட்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

என் பெயர் தாவ் வென்ஜிங். எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறி, விளக்கம் சொல்லி, இறக்கிவிடுவது என் வேலை. பதிமூன்று அடுக்குச் செங்கல் கோபுரம். கட்டி ஆயிரம் வருடம் ஆகப்போகிறது. ஒன்பதாவது மாடிக்கு மேல் யாரையும் விடுவதில்லை. படிகள் சுவருக்குள்ளேயே வளைந்து ஏறும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம் போலத் தேய்ந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். எந்த மன்னர் கட்டினார், எத்தனை செங்கல், எந்த நிலநடுக்கத்தில் எவ்வளவு சாய்ந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. நான் ஒப்பிப்பேன். வந்தவர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். ஏழாவது மாடிக்கு வந்தால் மட்டும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: “மத்த ஜன்னலையெல்லாம் செங்கல் வெச்சுப் பாதி அடைச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் ஏன் இரும்புக் கம்பி?”

எங்கள் நிர்வாகி ஷாவ் என்பவரிடம் கேட்டேன். அவர் பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரே ஒரு தாள். எங்கள் நாட்காட்டிப்படி ஆட்டு வருடத்தின் கடைசி மாதத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அந்த ஜன்னலிலிருந்து தானாகக் குதித்து இறந்துபோனாள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவளுடைய அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் கட்டைவிரல் ரேகை. பெண்ணின் பெயரை நான் மனதில்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

மீதியை எல்லாம் நான்தான் சேர்த்தேன். அவளுக்கு ஒரு சிவப்புக் கோட்டு கொடுத்தேன். பட்டாளத்தில் இருக்கிற ஒரு காதலனைக் கொடுத்தேன். மத்தியான ரயிலில் வருகிறேன் என்று அவன் கடிதம் போட்டதாகவும், அவள் ஏழாவது மாடி ஏறி ரயிலைப் பார்த்துக்கொண்டே நின்றதாகவும், ரயில் வந்தும் அவன் வரவில்லை என்றும் சொல்வேன். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். காற்று இருந்தால் கூரை முனையில் தொங்கும் வெண்கல மணிகள் நாலைந்து அசையும். அதுவும் என் கதைக்கு உதவியது.

மூன்றாவது வருடம் ஒரு ஜோடி அந்தக் கம்பியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டுப் போனது. எங்கள் காதல் கைவிட்டுப் போகக்கூடாது என்று வேண்டுதலாம். அதைப் போனில் படம் பிடித்துப் போட்டார்கள். அடுத்த மாதம் வாசல் கடையில் நாடா விற்க ஆரம்பித்தார்கள். ஷாவ் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டினார். போன கோடையில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் என் குரலிலேயே அந்தக் கதையைப் பதிவு செய்தார்கள். கூட்டம் அதிகமான நாளில், காதில் மாட்டிக்கொண்டு தாங்களாகவே ஏறுகிறவர்களுக்காக. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் வந்தது நவம்பர் கடைசியில். கோபுரத்தை வசந்த காலத்தில் பழுது பார்க்க மூடப் போகிறார்கள், ஐந்து வருடம் யாரும் ஏற முடியாது என்று அறிவிப்பு வந்திருந்தது. ஆனாலும் குளிர் இறங்கிவிட்டதால் கூட்டம் இல்லை. காலையிலிருந்து சாம்பல் நிற வானம். அறுத்த சோளக் கட்டைகள் மேல் நிலக்கரி லாரிகளின் தூசி படிந்து கிடந்தது. வாசலில் ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எட்டுப் பேராவது சேராமல் ஏற்றக்கூடாது என்பது விதி. அப்போதுதான் அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். ஏழு பேர் ஆனது. போதும் என்று விட்டேன்.

பெரியவருக்குக் காது மூடும் தொப்பி, பழைய சுரங்கத் தொழிலாளர் கோட்டு. பெயர் தெங் என்று அடையாள அட்டையில் பார்த்தேன்; மனைவி ‘லாவ் தெங்’, அதாவது மூத்த தெங், என்று கூப்பிட்டார். எழுபது வயது, அதனால் டிக்கெட் வேண்டாம். அந்த அம்மா மியாவ் ருய்யிங், அறுபத்தாறு. ஒடிசலான உடம்பு, நிமிர்ந்த முதுகு. துணிப்பையில் வெந்நீர் பிளாஸ்க்கும் நாலு ஆரஞ்சும் வைத்திருந்தார்.

“என்னால ஏற முடியாது ருய்யிங்,” என்றார் பெரியவர். “முழங்கால் வலிக்குது. நீயும் வேணாம். கீழயிருந்தே பாத்துட்டுப் போயிடலாம்.”

“பஸ்ல வயித்து வலின்ன. எறங்கினதும் முழங்கால் வலிங்கற. இன்னும் கொஞ்ச நேரம் போனா பிரசவ வலின்னு சொல்லுவ,” என்றார் அந்த அம்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. “நீ இங்கயே உக்காரு லாவ் தெங். பையப் பாத்துக்க. இருபது வருஷமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்த. இனி மூடிட்டா நான் எப்ப ஏறறது?”

பிள்ளைகள் நாடா வாங்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் என் பக்கம் வந்தார். கடையில் தொங்கிய பலகையை ஒரு தடவை பார்த்தார். அதில் ‘ஏழாவது மாடிக் காதல் நாடா’ என்று எழுதியிருந்தது.

“பாப்பா,” என்றார் மெதுவாக. “ஏழாவது மாடில நிக்காம அவள மேல கூட்டிட்டுப் போயிடு.”

“அங்கதான் பெரியவரே எல்லாரும் நிப்பாங்க. அதுக்குத்தானே வர்றாங்க.”

“அவளுக்கு மனசு சரியில்ல. அங்க எதுவும் பேசாத. நின்னா மட்டும் நிக்கட்டும்.”

வயதானவர்களில் சிலர் சாவு, பேய் என்று பேச்செடுத்தாலே பயப்படுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். “சரி, சுருக்கமா முடிச்சுடறேன்,” என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, “அந்தப் பொண்ணுகிட்ட என்ன ரகசியம்? கிளம்பு பொண்ணே, கால் சூடா இருக்கும்போதே ஏறிடலாம்,” என்றார்.

நான் முன்னால், பிள்ளைகள் நடுவில், அந்த அம்மா கடைசியில். உள்ளே இருட்டு. டார்ச் அடித்துக்கொண்டே ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் அவருக்காகக் காத்திருந்தேன். மூச்சு வாங்கினாலும் ஒரு இடத்திலும் உட்காரவில்லை. சுவரில் கையை வைத்தபடியே வந்தார். நான்காவது மாடியில் மன்னர் கதை சொன்னபோது வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில், “இந்தப் படியெல்லாம் முன்னாடியிருந்தே இப்படித்தானா?” என்று கேட்டார். “ஆமா பெரியம்மா, இதுல எதையும் மாத்தல,” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு படியிலும் நடுவில் தேய்ந்த இடத்தில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.

ஏழாவது மாடி ஜன்னல் கம்பியே தெரியாத அளவுக்கு நாடா. பாதி வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. பிள்ளைகள் உடனே போனை எடுத்தார்கள். ஒரு பெண், “அக்கா, அந்தக் கதையச் சொல்லுங்க. ஆன்லைன்ல பாதிதான் கேட்டோம்,” என்றாள்.

பெரியவர் சொன்னது ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேர் கேட்கிறார்கள், ஒருவர் வேண்டாம் என்கிறார், அவரும் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தேன். சிவப்புக் கோட்டிலிருந்து தொடங்கி, கடிதம், மத்தியான ரயில் என்று போய், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி முடித்தேன்.

அந்த அம்மா மூலையில் நின்று மூச்சை ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார்: “எந்த வருஷம் இது?”

“ஆட்டு வருஷம் பெரியம்மா. கடைசி மாசம். புது வருஷத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்துச்சு.”

“அவ குதிச்சான்னு யார் சொன்னா?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“யார் பாத்தா?”

பிள்ளைகளில் ஒருவன், “பெரியம்மா போலீஸ்ல இருந்தாங்க போல. விசாரணை பலமா இருக்கு,” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஆறு வருடத்தில் என் கதையை இப்படி யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

“நான் கட்டிச் சொல்லல பெரியம்மா,” என்றேன். “எங்க ஆபீஸ்ல காகிதம் இருக்கு. நானே பாத்தேன். தானா குதிச்சான்னு அவங்க அப்பாவே எழுதி, கையெழுத்துப் போட்டு, ரேகை வெச்சுக் குடுத்திருக்காரு. பெத்தவரே சொல்லும்போது இன்னும் யார் பாக்கணும்?”

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கம்பியில் கட்டியிருந்த நாடாக்களைக் கையால் ஒதுக்கி, பின்னால் இருந்த ஜன்னல் கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“கோட்டு சிவப்பு இல்ல,” என்றார். “நீலம். உள்ள பஞ்சு வெச்சு நான்தான் தெச்சேன். அந்த வருஷம் அவ நர்ஸ் படிப்புக்குச் சேந்திருந்தா. லீவுக்கு வரும்போது கூடப் படிக்கிற பொண்ணோட இங்க வந்தா. அந்தப் பொண்ணு கீழ நின்னுச்சு. மேலயிருந்து அவளப் படம் எடுக்கறேன்னு குனிஞ்சா. மரச்சட்டம் உடைஞ்சுடுச்சு. எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. இருபது வருஷமா அப்படித்தான் எனக்குத் தெரியும்.”

நாடா கட்டிக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். அரைகுறையாகக் கட்டிய முடிச்சு அவிழ்ந்து நாடா தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

என் வாயிலிருந்து “பெரியம்மா...” என்று மட்டும் வந்தது. இடுப்பு ஸ்பீக்கரில் அது கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. அதை அணைத்தேன்.

“ஒன்பதாவது மாடி பாக்க வேணாம்,” என்றார். “எறங்கலாம். விளக்கைக் கீழ காட்டு.”

அந்தக் கோபுரத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினார். நான் அவருக்குக் கீழே நின்று டார்ச் பிடித்தேன். இரண்டு இடத்தில் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பின்னால் சத்தமே இல்லாமல் வந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு தடவை நின்றார். “அவ பேரு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “ஹுய்மின். தெங் ஹுய்மின். வீட்ல மின்மின்னு கூப்பிடுவோம்.” அவ்வளவுதான். மீதிப் படிகளை இறங்கினார்.

கீழே பெரியவர் கல் இருக்கையில் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“லாவ் தெங்,” என்றார் அந்த அம்மா. “நீ என்ன எழுதிக் குடுத்த?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு வரிதான்னு இங்க ஆபீஸ்ல சொன்னாங்க ருய்யிங்.”

“என்ன வரி?”

“விபத்துன்னு எழுதினா விசாரணை வரும், மேலிடத்துலேர்ந்து ஆள் வரணும், புது வருஷம் கழிஞ்சுதான் முடியும்னாங்க. அதுவரைக்கும் அவள அந்தக் கொட்டகைலயே வெச்சிருக்கணும்னாங்க. தகரக் கொட்டகை. தரைல சிமெண்டுகூட இல்ல. நான் பாத்தேன். நீ வீட்ல மூணு நாளா தண்ணிகூட குடிக்காம கிடந்த. அவளக் கொண்டுவந்து உன் கண்ணுல காட்டினாத்தான் நீ எழுந்திருப்பன்னு தோணுச்சு. கையெழுத்துப் போட்டா அன்னிக்கு சாயங்காலமே கொண்டு போலாம்னாங்க.”

“நீ அந்த உடைஞ்ச கட்டையப் பாத்தியா?”

“பாத்தேன். கைல எடுத்தேன். உள்ள முழுக்க உளுத்துப் போயிருந்துச்சு. விரலால அழுத்தினா மாவா உதிர்ந்துச்சு.”

“கைல எடுத்துட்டு, அப்புறம் அவ குதிச்சான்னு எழுதின.”

“ஆமா.”

கடைக்காரி நாடாக்களை அடுக்குவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

“நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்,” என்றார் அந்த அம்மா. “அன்னிக்குச் சொல்லியிருந்தா நானும் போட்டிருப்பேன் கையெழுத்து. அன்னிக்கு எதுல வேணாலும் போட்டிருப்பேன். அப்புறம் மாத்த வெச்சிருப்பேன். இருபது வருஷம் என் பக்கத்துல படுத்திருந்த லாவ் தெங். ஒவ்வொரு வருஷமும் நினைவு நாள்ல அவளுக்குக் காகிதம் எரிச்சுக் கும்பிடும்போது என் பக்கத்துல நின்ன. இங்க ஊரே அவ எவனுக்காகவோ குதிச்சான்னு பேசிட்டிருக்கு. யாரோ பெத்த பிள்ளைங்க அதுக்கு நாடா கட்டுதுங்க.”

“அது எனக்குத் தெரியாது. நாடா கட்டறது எனக்குத் தெரியாது. சத்தியமா இன்னிக்குத்தான்...”

“பையக் குடு.”

பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பெரியவர் பத்தடி தள்ளிப் பின்னால் போனார். பஸ் வந்ததும் அந்த அம்மா முன் இருக்கையில், மடியில் கோழிக் கூடை வைத்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரியவர் கடைசி வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. பிளாஸ்க் கல் மேலேயே இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் போய்விட்டது.

அன்றைக்கே ஷாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் இங்கே வந்தே எட்டு வருடம்தான் ஆகிறது. சிகரெட்டை அணைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

“பாவம்தான் ஷியாவ் தாவ்,” என்றார். வயதில் சின்னவள் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “ஆனா நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு காகிதம் இருக்கு. அதுல அப்பன் கையெழுத்து இருக்கு. இப்ப அது பொய்யின்னா, அப்ப இங்க உக்காந்திருந்தவங்க யாரு, கட்டை ஏன் உளுத்துச்சுன்னு கேள்வி வரும். அதுல ரெண்டு பேர் செத்தாச்சு. ஒருத்தர் பக்கவாதத்துல கிடக்காரு. யாரப் போய்க் கேக்கறது?”

“கதைய நிறுத்திடலாம் இல்ல? அது நான் கட்டினதுதானே.”

“நீ சொல்ல வேணாம். நான் கட்டாயப்படுத்தல. வசந்தத்துக்கு இன்னும் மூணு மாசம்தான். அதுக்கப்புறம் கோபுரத்தையே மூடிடறோம். கதையும் தானா போயிடும்.”

“அந்தப் பதிவு?”

“அது மேல அனுப்பியாச்சு. எடுக்கறதுன்னா கடிதம் எழுதணும், காரணம் சொல்லணும். காரணம் என்னன்னு எழுதச் சொல்ற?”

மறுநாளிலிருந்து ஏழாவது மாடியில் நான் கதை சொல்லவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் படம் எடுக்கக் குனிந்தாள், உளுத்த கட்டை உடைந்தது என்று சொன்னேன். பதினைந்து பேர் கேட்டார்கள். ஒருவர், “அப்ப இந்த நாடாவெல்லாம் எதுக்கு?” என்றார். இன்னொருவர், “இப்ப நாங்க சாஞ்சு நிக்கற கம்பி உறுதியா?” என்று கேட்டார். கீழே போய் ஷாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே என்னை டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றினார்கள். நான் அங்கே உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொள்வார்கள். மேலே ஏழாவது மாடியில் அவர்கள் காதுக்குள் என் குரல்தான் பேசும். சிவப்புக் கோட்டு, மத்தியான ரயில். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தும்.

ஜனவரி நடுவில் பெரியவர் தனியாக வந்தார். மெலிந்திருந்தார். டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நின்று, “பாப்பா, அந்தக் காகிதத்த நான் பாக்க முடியுமா?” என்று கேட்டார்.

ஷாவிடம் அழைத்துப்போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார், தேநீர் ஊற்றினார். கோபுரம் மூடுவதற்காகப் பழைய கோப்புகளையெல்லாம் கட்டிக்கட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். உண்மைதான். பெட்டிகள் போனதை நானும் பார்த்தேன். “அங்க போய்க் கேட்டாலும் தேடி எடுக்க வருஷம் ஆகும் பெரியவரே. கிடைக்கும்னும் சொல்ல முடியாது,” என்றார்.

பெரியவர் தேநீரைத் தொடவில்லை. வெளியே வந்து என்னிடம், “அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா,” என்றார். “ரெண்டு பஸ் மாறணும். போன் பண்ணா எடுக்கறா. ‘மருந்து சாப்பிட்டியா’ன்னு கேக்கறா. ‘சாப்பிட்டேன்’னு சொன்னா வெச்சுடறா.”

“என்னை மன்னிச்சுடுங்க பெரியவரே. நீங்க அவ்வளவு சொல்லியும்...”

“நீ இல்லாட்டி வேற யாராவது சொல்லியிருப்பாங்க. எழுதினது நான்தானே.” பிறகு கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “உன் கையெழுத்து நல்லாயிருக்குமா? எனக்குச் சுரங்கத்துல விரல் போனதுலேர்ந்து பேனா நிக்காது. நான் சொல்றேன், நீ எழுதித் தர்றியா?”

அப்போதுதான் அவர் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. டிக்கெட் அறைக்குள் உட்காரவைத்து, மின்சார அடுப்பை அவர் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் பெயர், ஊர், சுரங்கத்தில் அவர் வேலை எண், மகள் பெயர், தேதி. ஏழாவது மாடி மேற்கு ஜன்னலின் மரச்சட்டம் உளுத்திருந்தது, அதைத் தன் கையால் எடுத்துப் பார்த்தது. மகள் குதிக்கவில்லை, விழுந்தாள். குதித்தாள் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டது தான்தான், போடும்போதே அது பொய் என்று தெரியும். அந்தக் கடைசி வரியைச் சொல்வதற்கு வெகு நேரம் ஆனது. நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன். அதற்குக் கீழே, ஏழாவது மாடிக் கதையைக் கட்டியது நான் என்று என் பெயரையும் எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “உனக்கு வேலைக்கு ஆபத்தாகுமே,” என்றார். “ஆகட்டும்,” என்றேன்.

இரண்டு பிரதி எடுத்தோம். இரண்டிலும் அவர் தட்டுத்தடுமாறிக் கையெழுத்திட்டு, சிவப்பு மையில் கட்டைவிரலை வைத்தார். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தேன். எழுத்தர் படிக்காமலே மற்றதில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அதைப் பெரியவர் நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போனார். பிளாஸ்க்கையும் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மார்ச்சில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன்.

சாரம் கட்டுவதற்கு முன்பே, எங்கள் புது வருடம் முடிந்து மூன்றாம் வாரம், ஒரு சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். பின்னால் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

“குடுத்தேன் பாப்பா,” என்றார். “அவ கைலயே குடுத்தேன்.”

“படிச்சாங்களா?”

“படிச்சா. கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சா. அவ தங்கச்சி எனக்கு நூடுல்ஸ் போட்டா. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அவ ஜன்னல் பக்கத்துல அந்தக் காகிதத்தோடயே உக்காந்திருந்தா.”

“என்ன சொன்னாங்க பெரியவரே?”

“காகிதத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. கடைசி பஸ் நாலரைக்கு, அத விட்டா ராத்திரி நிலையத்துலதான் கிடக்கணும், கிளம்புன்னா. வாசல் வரைக்கும் வந்தா.”

“காகிதம்?”

“அவளே வெச்சுக்கிட்டா. நான் கேக்கல.” யாரோ ஏதோ பஸ்ஸின் பெயரைக் கூவுவது கேட்டது. “சரி, வண்டி வந்துடுச்சு. வெச்சுடறேன்,” என்றார்.